வராத அம்மைக்குக் கட்டின வேப்பிலை

ராசாத்தி கால்ல அந்தச் செவப்புப் புள்ளிங்களை மொதல்ல பாத்தவ நான்தான். பெத்தவ பாத்தும் எனக்கு ஒண்ணும் வெளங்கல. அம்பத்தொம்பதாம் வருசம், தைப்பொங்கல் கழிஞ்சு ரெண்டாவது வெள்ளிக்கெழம. அதுக்கப்புறம் நான் பட்ட பாட்டையும், ஆத்தா எனக்குச் செஞ்சதையும் இந்தக் கோயில் வாசல்ல நின்னு சொல்லணும்னு ரெண்டு வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். தைரியம் வரல. ஏன் வரலன்னு கேக்கக் கேக்க உங்களுக்கே தெரியும்.

அடுத்த தோட்டத்துலருந்து கூழ் குடிக்க வந்தவங்களுக்கு என்னைத் தெரியாது. நான் அழகம்மா. லுணுகலை ரோட்டுக்கு மேல, மலை உச்சியில, தோட்டத்தோட மேல் பிரிவான மேக்கணக்குல, மூணாம் நம்பர் லயத்துல வரிசையா உள்ள வீடுகள்ல கடைசிக் காம்பரா என்னோடது. கொழுந்து எடுக்கிறவ. எம் புருசன் வீரய்யா பேக்டரியில கொழுந்து அரைக்கிற எடத்துல வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கங்காணிகிட்டயும் சண்டை போடுவேன், சாமிகிட்டயும் சண்டை போடுவேன். அது இங்க உள்ளவங்களுக்குப் புதுசு இல்ல.

எங்களுக்கு ஒரே பிள்ளை. ராசாத்தி. அப்ப அவளுக்கு ஆறு வயசு. மார்கழியிலயே அவ சோந்து போயிட்டா. காலு வலிக்குதும்மான்னு அழுவா. ஸ்கூலுக்குப் போற வழியில பாதியிலயே உக்காந்துருவா. நான் சோம்பேறின்னு திட்டினேன். ஒரு நாள் முதுகுல ஒண்ணு வச்சேன். அந்த அடி இன்னைக்கும் என் கையில எரியுது. பொங்கலுக்குப் பெறகு காய்ச்சல் விட்டு விட்டு வந்துச்சு. மொகம் வெளுத்துப் போச்சு. அப்பதான் கெண்டைக்கால்ல ஊசியால குத்தின மாதிரி செவப்பா புள்ளி புள்ளியா வந்துச்சு.

பக்கத்துக் காம்பராவுல இருக்கறது எம் புருசனோட அக்கா, மருதாயி மதினி. கோயில் காரியம்னா லயத்துல அவங்க சொல்றதுதான் சட்டம். எட்டிப் பாத்தாங்க. ஒடனே கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "அடியே, ஆத்தா வந்திருக்காடி! அடுப்புல தாளிக்காத. யாரையும் உள்ள விடாத"ன்னு சொல்லி, அவங்களே போய் வேப்பங்கொத்து ஒடிச்சிட்டு வந்து நெலைவாசல்ல கட்டினாங்க.

அம்மை வந்த வீட்டுல நாம என்ன செய்வோம்னு உங்களுக்குச் சொல்லணுமா? மருந்து கெடையாது. தோட்டத்து மருந்துக்காரய்யாவைக் கூப்பிடக் கூடாது. பிள்ளை வாசப்படி தாண்டக் கூடாது. மஞ்சத்தண்ணி, வேப்பிலை, கூழு. நானும் அப்படியே செஞ்சேன். ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல, பதினோரு நாள் செஞ்சேன்.

ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒதைச்சுக்கிட்டே இருந்துச்சு. சின்ன வயசுல எனக்கே அம்மை போட்டிருக்கு. தண்ணி கோத்துக்கிட்டு கொப்புளமா வரும், அரிக்கும், பெறகு காஞ்சு பொருக்கு விழும். இவளுக்குக் கொப்புளமே வரல. அரிப்பும் இல்ல. புள்ளிங்க பெருகிக்கிட்டுப் போச்சு. தொடையில, இடுப்புல எல்லாம் யாரோ அடிச்ச மாதிரி நீலமா கன்னிப் போச்சு. பல்லு ஈறுலருந்து ரத்தம் கசிஞ்சுச்சு. மதினிகிட்ட சொன்னேன். "ஆத்தா எப்பவும் ஒரே மாதிரியா வருவா? எதுத்துப் பேசாத, உன் வாயாலதான் இவ்வளவும்"னு என்னையே திட்டினாங்க. எம் புருசனும் வாயைத் தொறக்கல. எனக்குப் பயம். ஆத்தா மேல பயம், மதினி மேல பயம், லயத்துச் சனங்க மேல பயம்.

பன்னெண்டாம் நாள் காலையில அவ மூக்குலருந்து ரத்தம் வந்துச்சு. நிக்கல. துணியை மாத்தி மாத்தி வச்சேன், நிக்கவே இல்ல. அவ அழக்கூட இல்ல. "அம்மா, தூக்கம் வருது"ன்னா. பிள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டேன். வாசப்படிகிட்ட வந்து நின்னு வேப்பிலையைப் பாத்து, சத்தமாவே சொன்னேன். "ஆத்தா, நீ வந்திருந்தா என்கூடயே வா. வரலைன்னா வழி விடு." சொல்லிட்டு எறங்கிட்டேன். மதினி பின்னாலயே கத்திக்கிட்டு வந்தாங்க. நான் திரும்பிப் பாக்கல. தேத்தூள் பெட்டி ஏத்திக்கிட்டு பதுளை ஸ்டேசனுக்குப் போற லொறி பேக்டரி வாசல்ல நின்னுச்சு. எம் புருசன் என் சேலையில இருந்த ரத்தத்தைப் பாத்துட்டு, அவரும் தாவி ஏறினாரு.

பதுளை ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரய்யா இருந்தாரு. யாழ்ப்பாணத்துக்காரரு. வயசு கம்மி, மொகத்துல சிரிப்பே இருக்காது. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. இடுப்பெலும்புல ஊசி போட்டு எடுத்தும் பாத்தாங்க. அப்ப ராசாத்தி போட்ட சத்தம் ஆஸ்பத்திரி பூரா கேட்டிருக்கும். எம் புருசன்கிட்டருந்து ரத்தம் எடுத்து பிள்ளைக்கு ஏத்தினாங்க. மறுநாள் டாக்டர் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சாரு. தோட்டத்துல எங்களை யாரு உக்காரச் சொன்னாங்க? உக்காரச் சொன்னதுமே எனக்குப் புரிஞ்சு போச்சு, நல்ல சேதி இல்லன்னு.

"அம்மா, இது அம்மை இல்லை. இது ரத்தத்தில வாற புற்றுநோய். மருந்து குடுக்காட்டில் சில கிழமைதான், ஒரு மாசம் தாண்டாது. உங்களுக்குப் பொய் சொல்லி அனுப்ப எனக்கு ஏலாது."

எம் புருசன் தலையில கை வச்சுக்கிட்டாரு. நான் அழல. கோவம்தான் வந்துச்சு. "அப்ப மருந்து குடுங்களேன்யா! எதுக்கு எங்களை உக்கார வச்சிருக்கீங்க?"ன்னேன்.

அவரு கோவிச்சுக்கல. ஒரு சின்ன போத்தலை எடுத்து வச்சாரு. உள்ள வெளிர்மஞ்சள் மாத்திரை, அவரு பேச்சுல குளிசை. நகத்தளவுகூட இல்ல. வெளிநாட்டுல அவரோட படிச்ச கூட்டாளி ஒருத்தர் அனுப்பினதாம். அங்க இந்த நோய்க்குன்னே மருந்து தேடுறாங்களாம். எலிங்களுக்கு இதே நோயை உண்டாக்கி, கூண்டுல வச்சு, ஒவ்வொரு மருந்தாக் குடுத்துப் பாப்பாங்களாம். எந்த எலி பொழைக்குது, எது சாகுதுன்னு நாள் தவறாம எழுதுவாங்களாம். "கணக்கில்லாத மருந்து பாத்து, அதில ஒண்டு ரெண்டுதான் தேறும். இது தேறினது"ன்னாரு.

"எலிக்குக் குடுத்ததையா எம் பிள்ளைக்குக் குடுக்கப் போறீங்க?"

"எலிக்குக் குடுத்துப் பாத்தபடியால்தான் அம்மா, பிள்ளைக்குக் குடுக்க எனக்குத் துணிவு."

பெறகு அவரே சொன்னாரு, இது நோயை வேரோட எடுக்குதான்னு யாருக்கும் தெரியாது, அடக்கி வைக்குது, அவ்வளவுதான்னு. சில பிள்ளைங்களுக்குக் கொஞ்ச மாசம், சிலதுக்கு அதுக்கும் மேல. ஒரு நாள் குளிசை கேக்காமப் போயிரும். "அதுக்குள்ள அவையள் வேற ஒண்டைக் கண்டுபிடிச்சால்..."ன்னு சொல்ல வந்து நிறுத்திட்டாரு. அன்னைக்கு அவரு முடிக்காம விட்ட அந்த வார்த்தையிலதான் நான் இன்னைக்கு வரைக்கும் தொங்கிக்கிட்டு இருக்கேன்.

குளிசை வேலை செஞ்சுச்சு. அதோட இன்னொரு மருந்தும் குடுத்தாங்க, அதுல அவ மொகம் பூசணிக்கா மாதிரி உப்பிப் போச்சு. எந்நேரமும் பசி. ரெண்டு மாசத்துல புள்ளி மறைஞ்சுச்சு, கன்னினது மறைஞ்சுச்சு, ஓட ஆரம்பிச்சா. வீட்டுக்கு வந்த அன்னைக்கு நான் ஒப்பாரி வச்ச மாதிரி அழுதேன். சந்தோசத்துல அழுறது எப்படின்னு எனக்கு வேற தெரியாது.

மாசத்துக்கு ரெண்டு தடவை பதுளைக்குப் போய் ரத்தம் காட்டணும். தெனமும் என்ன குடுத்தேன், காய்ச்சல் இருந்துச்சா, வாயில புண்ணு இருந்துச்சா, எல்லாத்தையும் ஒரு அட்டையில குறிச்சுக் கொண்டாரணும். அந்தச் சேதியெல்லாம் கடுதாசியில அந்தக் கூட்டாளிக்குப் போகுமாம். எனக்கு எழுதத் தெரியாது. காலையில பெரட்டுக்களத்துல நம்ம வேலை நாளுக்கு முழுப்பேரு, அரைப்பேருன்னு குறிக்கிற மாதிரி நானும் குறிச்சேன். முழுக் குளிசை குடுத்த நாளைக்கு முழுக் கோடு, பாதி குடுத்த நாளைக்கு அரைக் கோடு, காய்ச்சல்னா ஒரு வட்டம். டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "பிள்ளைக்கு இண்டைக்கு அரைப்பேரோ?"ன்னு கேட்டாரு. அந்த மனுசன் சிரிச்சு நான் பாத்தது அதுதான் மொத தடவை.

இதுல ஒரு கூத்து என்னான்னா, நான் வீட்டுல எலிப்பொறி வைக்கிறதை விட்டுட்டேன். எம் பிள்ளைக்காக எத்தனை எலி செத்துச்சோன்னு மனசு கேக்கல. அரிசிச் சாக்கைக் கடிச்சு ஓட்டை போட்டுச்சு. எம் புருசன் தலையில அடிச்சுக்கிட்டாரு. "பிள்ளையாரு வாகனம், போனாப் போகுது விடுங்க"ன்னேன். "பிள்ளையாரு வந்து அரிசி வாங்கிக் குடுப்பாரா?"ன்னு கேட்டாரு. நல்லா இருந்த காலம் அது. ஒரு வருசம் அப்படிப் போச்சு.

அறுபதாம் வருசம் பங்குனியில எங்க லயத்துக்கு நெசமாவே அம்மை வந்துச்சு.

டாக்டர் எனக்கு மொதல்லயே சொல்லியிருந்தாரு. இந்தக் குளிசை நோயை அடக்குற மாதிரியே ஒடம்புல உள்ள எதிர்ப்பையும் அடக்கி வைக்குது. மத்த பிள்ளைங்களுக்கு அம்மை வந்தாப் பத்து நாள்ல எந்திரிச்சிரும். ராசாத்திக்கு வந்தா உயிர் தங்குறது கஷ்டம். "அம்மை உள்ள பிள்ளையளுக்குக் கிட்டவும் விடாதேங்கோ"ன்னு என் மொகத்தைப் பாத்துச் சொல்லியிருந்தாரு.

மொதல் காம்பராவுல ஒரு பிள்ளைக்குப் போட்டுச்சு. அன்னைக்கே மருதாயி மதினி லயம் பூரா சொல்லிட்டாங்க. நாளைக்குக் கூழு ஊத்தணும், லயத்துப் பிள்ளைங்க எல்லாம் அந்த வாசலுக்கு வரணும், ஆத்தாவோட தீர்த்தத்தை எல்லார் தலையிலயும் தெளிக்கணும். நான் போய்க் கெஞ்சினேன். ராசாத்தி வர மாட்டா மதினி, டாக்டர் சொல்லியிருக்காருன்னேன். அவங்க மொகம் கறுத்துப் போச்சு. "ஆத்தா தீர்த்தம் பட்டு எந்தப் பிள்ளைக்குடி கெடுதல் வந்திருக்கு? போன வருசம் வேப்பிலை கட்டின வீட்டை விட்டுட்டு எறங்கிப் போனவ நீ. அந்தக் கோவந்தான் இப்ப லயத்துக்கே வந்திருக்கு. நாளைக்கும் வரலைன்னா நானே வந்து தூக்கிட்டுப் போவேன்"ன்னாங்க. மதினி சொன்னா செய்றவங்க.

அன்னைக்குச் சாயந்தரம் நான் செஞ்சதைத்தான் இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லல. இப்ப சொல்றேன். நானே போய் வேப்பங்கொத்து ஒடிச்சேன். என் வாசல்ல நானே கட்டினேன். ராசாத்திக்கு அம்மை போட்டிருச்சுன்னு கத்தினேன்.

பொய்யி. பிள்ளை ஒடம்புல ஒரு புள்ளிகூட இல்ல.

எங்க லயத்துல ஒரு கட்டு இருக்கு. வேப்பிலை கட்டின வீட்டுக்குள்ள யாரும் நொழையக் கூடாது. அம்மை உள்ள ஒரு வீட்டுக்காரங்க அம்மை உள்ள இன்னொரு வீட்டுக்குப் போகவே கூடாது. அந்தக் கட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எம் பிள்ளையை உள்ள வச்சுப் பூட்டினேன். எம் புருசனுக்கு மட்டும் தெரியும். அவரு பேக்டரிப் பக்கம் போய்ப் படுத்துக்கிட்டாரு. சாப்பாட்டை வாசல்ல வச்சிட்டுப் போவாரு.

ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேனே! வெளக்கு ஏத்தக் கை வரல. ஏத்தினாலும் நிமுந்து பாக்கத் தைரியம் இல்ல. இதுல மூணாம் நாளு பக்கத்துக் காம்பராவுல மதினி மக பொன்னிக்கும் அம்மை போட்டுச்சு. லயத்துக் காம்பராவுக்கு நடுச்செவுரு கூரை வரைக்கும் கெடையாது, உங்களுக்கே தெரியும். அந்தப் பக்கம் பொன்னி அழுறது இந்தப் பக்கம் கேக்குது. கொழுந்து எடுக்கும்போது இடுப்புல கட்டுற படங்குச் சாக்கு, பழைய சேலை, கம்பளி, கைக்குக் கெடைச்ச எல்லாத்தையும் அந்தச் சந்துல அடைச்சேன். ராசாத்தி என்னைப் பாத்து, "பொன்னிக்கு வலிக்குதாம்மா?"ன்னு கேட்டா. நான் இன்னொரு சேலையைச் சந்துல திணிச்சேன்.

குளிசை தீந்துக்கிட்டே வந்துச்சு. எம் புருசன் பதுளைக்குப் போய் டாக்டர்கிட்ட நெலமையைச் சொல்லிக் கேட்டாரு. வெறுங்கையோட வந்தாரு. ரத்தம் பாக்காம இந்தக் குளிசையைக் குடுக்க முடியாதாம். ரத்தத்துல எதிர்ப்பு ரொம்பக் கொறைஞ்சிருந்தா குளிசையே பிள்ளையைக் கொன்னுரும். ஒடனே கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு. வாசல் பக்கமா நின்னு அவரு இதைச் சொன்னதும் நான் வரிசையா இருந்த வாசல்களை எட்டிப் பாத்தேன். என் காம்பரா கடைசி. வெளிய போறதுன்னா எல்லா வாசலையும் தாண்டித்தான் போகணும். மொதல்ல தாண்ட வேண்டியது மதினி வாசல். பொன்னிக்காக அவங்க மலைக்குப் போகாம வீட்டுலதான் இருக்காங்க. அம்மை போட்ட பிள்ளை வாசப்படி தாண்டினா கேள்வி வரும். கிட்ட வந்து பாத்தா பொய் வெளிய வரும். பெறகு எம் பிள்ளைக்கு வேப்பிலையும் காவல் இல்ல.

மறுநாள் காலையில எல்லாரும் மலைக்குப் போனதுக்கப்புறம் வெளக்கை ஏத்தி வச்சு நிமுந்து பாத்தேன். "ஆத்தா, உன் பேரை வச்சுப் பொய் சொல்லிட்டேன். தெரிஞ்சேதான் சொன்னேன். தண்டனை உண்டுன்னா எனக்குக் குடு. கொழுந்து எடுக்கிற இந்தக் கையை எடுத்துக்க. கண்ணை எடுத்துக்க. பிள்ளைக்குக் குடுத்துராத. எனக்கு வழியே தெரியல. நீயே வழி விடு." அவ்வளவுதான் வேண்டினேன்.

பிள்ளையைக் கம்பளியில சுத்தி, மொகத்தை என் தோள்ல பொதைச்சு, வெளிய எறங்கினேன். நாலு எட்டு வச்சிருப்பேன். மதினி வாசல்ல பாய் போட்டு பொன்னியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. பொன்னி மொகம் பூரா கொப்புளம். நான் அப்படியே நின்னுட்டேன். முன்னால போனா பொன்னி. பின்னால போனா குளிசை இல்ல. பொன்னி முனகுற சத்தம் கேட்டு ராசாத்தி மொகத்தைத் திருப்பிட்டா. வெயிலு நேரா அவ மொகத்துல அடிச்சுச்சு. ஒரு வடு இல்ல, ஒரு புள்ளி இல்ல.

மதினி அவளையே பாத்தாங்க. பெறகு என்னைப் பாத்தாங்க.

"எங்கடி அம்மை?"

"வரல மதினி. பொய் சொல்லிட்டேன். இவளுக்கு வந்தா செத்துருவா மதினி. குளிசையும் தீந்து போச்சு."

நான் அடி வாங்கத் தயாரா நின்னேன். கத்தப் போறாங்க, லயமே கூடப் போகுதுன்னு நெனச்சேன். மதினி எந்திரிச்சாங்க. பொன்னியை வாரித் தூக்கிக்கிட்டாங்க. வாசலை விட்டு உள்ள போனாங்க. கதவுல கை வச்சுக்கிட்டு, என் மொகத்தைப் பாக்காம சொன்னாங்க:

"ஆத்தா எங்கிட்டதான்டி இருக்கா. நான் அவளை உள்ள வச்சுக் கதவைச் சாத்திக்கிறேன். நீ பிள்ளையைத் தூக்கிட்டு ஓடு."

கதவு சாத்தின சத்தம் கேட்டுச்சு. உள்ள இருந்துக்கிட்டே, "வேப்பிலையை அவுக்காத. வந்து சத்தமில்லாம உள்ள போயிரு. கேக்கிறவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்"னாங்க.

நான் வழி கேட்டேன். ஆத்தா வழி விட்டா. அதுவும் யாரு வாயால, பாத்தீங்களா? நான் யாருக்குப் பயந்து பொய் சொன்னேனோ அவங்க வாயாலயே விட்டா. அந்த எடத்துல விழுந்து கும்பிடணும்போல இருந்துச்சு. கும்பிட நேரம் இல்ல. ஓடினேன்.

கஷ்டம் அதோட தீரல. ரத்தம் பாத்துட்டு டாக்டர் வீட்டுல நெலமை எப்படின்னு கேட்டாரு. செவுருக்கு அந்தப் பக்கம் அம்மை இருக்குன்னு சொன்னேன். குளிசையை நிறுத்தணும்னாரு. அம்மை வர்ற கெடு இருபத்தொரு நாளு. குளிசை ஒடம்புல இருக்கும்போது அம்மை வந்தா காப்பாத்த ஏலாது. சரிங்கய்யா, குளிசையை நிறுத்தினா பழைய நோய் திரும்பாதான்னு கேட்டேன். "திரும்பலாம். எது முந்தும் எண்டு எனக்கும் தெரியாது அம்மா. இதுக்கு இன்னும் ஒருத்தரும் புத்தகம் எழுதேல்லை"ன்னாரு. தெரியாதுன்னு ஒரு டாக்டர் சொல்லி நான் அன்னைக்குத்தான் கேட்டேன். அதனாலயே அவரை நம்பினேன்.

அம்மை ஒட்டியிருக்கக்கூடிய பிள்ளையை வார்டுல வைக்க முடியாதுன்னு வீட்டுக்கே அனுப்பினாரு, திரும்பி வந்தேன். உள்ள போய் ஒக்காந்தேன். ஒவ்வொரு நாளும் விடிஞ்சதும் பிள்ளை துணியைக் கழட்டி, கதவை ஒரு சாண் தொறந்து, வெளிச்சத்துல உச்சந்தலையிலருந்து உள்ளங்கால் வரைக்கும் பாப்பேன். ஊசிக்குத்து மாதிரி செவப்பா வந்தா பழைய நோய். தண்ணி கோத்துக்கிட்டு வந்தா அம்மை. ரெண்டும் புள்ளியாத்தான் வரும், ரெண்டுமே எமன். அவளுக்குக் கூச்சம், குளிரு. "போதும்மா"ன்னு சிணுங்குவா. இருடி, முதுகு ஒண்ணுதான் பாக்கின்னு சொல்லித் திருப்பி நிக்க வைப்பேன்.

பதினாறாம் நாள் காலையில காதுக்குப் பின்னால ஒரு புள்ளி. செவப்பா, கொஞ்சம் தடிச்சு. எனக்கு ஒலகமே நின்னு போச்சு. அமுக்கிப் பாத்தேன். அரிக்குதான்னு கேட்டேன். அரிக்குதுன்னா. அடி ஆத்தே, வந்திருச்சுன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டேன். சத்தம் கேட்டு செவுருக்கு அந்தப் பக்கத்துலருந்து மதினி, "என்னடி? என்னடி?"ன்னாங்க. சொன்னேன். "ஒண்ணுதானா? பொழுது சாயிறவரைக்கும் பாரு. அம்மைன்னா ஒண்ணோட நிக்காது"ன்னாங்க. அன்னைக்குப் பூரா நான் இந்தப் பக்கம், அவங்க அந்தப் பக்கம். ரெண்டு பேரும் அதே ஆத்தாவைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தோம். சாயந்தரம் பாத்தா அது வத்திப் போச்சு. தெள்ளுப்பூச்சி கடிச்சிருக்கு! அந்தப் படங்குச் சாக்குலருந்துதான் வந்திருக்கும். நான் சிரிச்சேன் பாருங்க, பைத்தியம் பிடிச்சவ மாதிரி. செவுருக்கு அந்தப் பக்கம் மதினியும் சிரிச்சாங்க.

இருபத்தொரு நாளும் போச்சு. அம்மையும் வரல, பழைய நோயும் திரும்பல. பொன்னியும் நல்லா எந்திரிச்சிட்டா. நான் வேப்பிலையை அவுக்கப் போனேன், மதினி தடுத்துட்டாங்க. பொய்யாக் கட்டினாலும் ஆத்தா பேருல கட்டினது, முறைப்படிதான் எறக்கணும்னு சொல்லி, ரெண்டு பிள்ளைங்களுக்கும் சேத்து தலைக்குத் தண்ணி ஊத்தினாங்க. மறுநாளு பதுளையில ரத்தம் பாத்தாங்க. நல்லா இருக்குன்னாங்க. குளிசையைத் திரும்ப ஆரம்பிச்சோம்.

அன்னைலருந்து நான் கொஞ்சம் மாறித்தான் போயிருக்கேன். வாய் கொறையல, அது போற எடத்துக்குத்தான் என்கூட வரும். ஆனா ஆத்தாவுக்குப் பயப்படுறதை விட்டுட்டேன். அவளை நம்ப ஆரம்பிச்சுட்டேன். ரெண்டும் வேறன்னு எனக்கு முன்ன தெரியல. இப்ப லயத்துல எந்தப் பிள்ளைக்குப் புள்ளி வந்தாலும் மதினியும் நானும் சேந்துதான் போறோம். அவங்க வேப்பிலை கட்டுவாங்க, நான் மருந்துக்காரய்யாவைக் கூட்டிட்டு வருவேன். ரெண்டையும் செய்யுங்க. அவ கோவிச்சுக்க மாட்டா. பிள்ளையைப் பொழைக்க வைக்கிறதுக்கு எந்தத் தாயும் கோவிச்சுக்க மாட்டா.

மதினி இந்தா முன் வரிசையில உக்காந்திருக்காங்க. கோயில்ல சொல்லிரட்டுமான்னு கேட்டேன். "சொல்லித் தொலை, எத்தனை நாளைக்கு ரெண்டு பேரும் சொமக்கிறது"ன்னாங்க. சொல்லிட்டேன். அன்னைக்கு உங்களையெல்லாம் ஏமாத்தினதுக்கு மன்னிச்சிருங்க. கோவம் இருந்தா என்கிட்ட காட்டுங்க, அவங்ககிட்ட வேணாம்.

இப்ப ஒண்ணு கேக்கப் போறேன். அதுக்காகத்தான் இன்னைக்கு எந்திரிச்சு நின்னேன். போன மாசம் ரத்தம் பாத்துட்டு டாக்டர் சொன்னாரு, குளிசை இன்னும் கேக்குது, ஆனா முன்ன மாதிரி இல்ல. இதே மாதிரி இருந்த எத்தனையோ பிள்ளைங்களுக்கு இவ்வளவு நாள் கெடைக்கலையாம். புதுசா ரெண்டு மருந்தை எலிங்களுக்குக் குடுத்துப் பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு அந்தக் கூட்டாளி எழுதியிருக்காராம். எப்ப வரும்னு அவருக்கே தெரியாது. இந்தக் குளிசை கையை விடுறதுக்குள்ள அது வந்தாகணும்.

அதனால நீங்க எனக்காகக் கும்பிடும்போது ராசாத்தி பேரை மட்டும் சொல்லாதீங்க. கடலுக்கு அந்தப் பக்கம் எலிக்கூண்டு பக்கத்துல உக்காந்து, இதுவும் தேறல, அதுவும் தேறலன்னு எழுதிக்கிட்டு இருக்காங்களே, அவங்களுக்காகக் கும்பிடுங்க. அவங்க பேரு எனக்குத் தெரியாது. எந்தச் சாமியைக் கும்பிடுறவங்களோ, அதுவும் தெரியாது. கை சோராம இருக்கணும், மனசு விட்டுறக் கூடாது, சீக்கிரம் ஒண்ணு தேறணும், அவ்வளவுதான். ஆத்தாவுக்குக் கடல் ஒரு தூரம் இல்ல. ஒரு செவுருக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க மனசைத் தொறந்தவ, கடலுக்கு அந்தப் பக்கம் உள்ளவங்களுக்கும் கண்ணைத் தொறப்பா. எனக்கு அந்த நம்பிக்கை இருக்கு. உங்களுக்கும் ஒரு கஷ்டம்னா என்னை மாதிரியே அவகிட்ட சண்டை போட்டுக் கேளுங்க, குடுப்பா.

எம் மகளுக்கு இப்ப ஒம்பது வயசு. வர்ற தையில பத்து. அந்தப் பத்தை எனக்காக எல்லாரும் சேந்து கேளுங்க.